மாப்பிள்ளை படித்த கடைசி வரி

கண்ணைத் திறக்காதீர்கள். சொட்டு மருந்து விட்டால் முக்கால் மணி நேரம் மூடித்தான் இருக்க வேண்டும். திறந்தால் அந்த நர்ஸ் பிள்ளை வந்து மறுபடி விட்டுவிட்டுப் போகும், மறுபடி முக்கால் மணி நேரம். இந்த பெஞ்சில் மூன்று மாதமாக உட்கார்ந்து எழுந்தவன் நான், எனக்குத் தெரியும். காது சும்மாதானே இருக்கிறது, கேளுங்கள்.

என் பெயர் நாச்சிமுத்து. தாராபுரம் பழனி ரூட்டில் தனியார் பஸ் டிரைவர். இருபத்தாறு வருடம். இன்னும் டிரைவர்தானா என்பது கொஞ்ச நேரத்தில் அந்த மூன்றாம் நம்பர் அறையில் தெரிந்துவிடும். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை காலை முதல் டிரிப் என்னுடையது. போடாவிட்டால் என் சீட் மனோகரனுக்கு நிரந்தரம். நான்கு மாதம் பொறுத்தாயிற்று, இந்த மாதம் முப்பதாம் தேதிக்கு மேல் பொறுக்க முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார். மனோகரன் எங்கள் ஸ்பேர் டிரைவர். முன்பெல்லாம் நான் லீவு எடுத்தால்தான் அவன் ஏறுவான். இப்போது என் சீட்டை நான்கு விரற்கடை பின்னால் தள்ளிப் போட்டிருக்கிறானாம். கால் நீளமாம்.

இத்தனைக்கும் என் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. ஆபரேஷன் செய்தார்கள்தான், இரண்டு கண்ணிலும் செய்தார்கள், அதைப் பிறகு சொல்கிறேன். ஆபரேஷன் செய்துவிட்டால் குறை இருந்தது என்று ஆகிவிடுமா?

ஸ்டாப் போர்டைப் பார்த்துப் பஸ்ஸை நிறுத்துகிறவன் என்ன டிரைவர், சொல்லுங்கள். என் ரூட்டில் ஒரு ரைஸ்மில் இருக்கிறது. தவிட்டு வாசனை வரும். அது முடிந்ததும் இரண்டு வேகத்தடை. இரண்டாவதில் பின்சக்கரம் ஏறி இறங்கியதும் பிரேக்கில் கால் வைத்தால் படிக்கட்டு சரியாக நிழற்குடைக்கு நேராக நிற்கும். கண்ணே தேவையில்லை. அப்படி ஓட்டியவன் நான்.

என் கண்டக்டர் தங்கவேலு நல்ல பையன், ஆனால் பயந்தாங்கொள்ளி. இரண்டு வருடமாக டிக்கெட் போட்டு முடித்ததும் பின்னால் போய் உட்கார மாட்டான். முன்னால் வந்து என் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அண்ணா மாடு, அண்ணா டிராக்டர், அண்ணா பள்ளிக்கூடத்துப் பிள்ளைக என்று ஓதிக்கொண்டே வருவான். அவனுக்குத் தைரியம் வரட்டுமே என்று நானும் பிரேக் போடுவேன். அவன் சொன்ன இடத்தில் எல்லாம் மாடு இருந்தது, அது வேறு விஷயம்.

பிரச்சினை ஆரம்பித்தது ஒரு மக்காச்சோளக் காட்டில். காலை ஒன்பது மணி. ரோட்டோரத்தில் ஒருத்தர் இரண்டு கையையும் விரித்து நிற்கிறார். நிறுத்தினேன். அவர் ஏறவில்லை. ஹாரன் அடித்தேன். வாங்கய்யா, நேரமாகுது என்று கூப்பிட்டேன். அசையவில்லை. தங்கவேலு குனிந்து என் காதில் சொன்னான்.

“அண்ணா, அது மனுசனில்லீங்க. காட்டுல நட்டு வச்ச பொம்மைங்க.”

பஸ்ஸே சிரித்தது. ஏனுங்க, நீங்களே சொல்லுங்கள், காட்டுக்காரன் அதற்கு முழு பேண்ட் மாட்டி, தொப்பி வைத்து, ரோட்டைப் பார்த்து நிறுத்தியிருந்தால் தப்பு யாருடையது? ஏமாந்தது நானா, ஏமாற்றியது அவனா? ஆனால் ஒரு தடவைதான் என்னை ஏமாற்றலாம். அடுத்த வாரம் அதே பக்கத்தில் அதே மாதிரி ஒன்று கையை விரித்துக்கொண்டு நின்றது. தங்கவேலு அப்போது பின்னால் யாருக்கோ டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். நான் நிறுத்தவில்லை. ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்துப் போனேன்.

அது முதலாளி. அவருடைய புல்லட் ரிப்பேராகி நின்றிருக்கிறது. நம் பஸ்தானே வருகிறது என்று வெயிலில் கையை விரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

மறுநாளே ஷெட்டில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். பஸ் முதலாளிகள் சங்கம் நடத்தும் கண் பரிசோதனை முகாம், கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை. ஐம்பது வயது தாண்டிய டிரைவர்கள் கண்டிப்பாக வர வேண்டும். எனக்கு ஐம்பத்து நான்கு.

அந்த முகாமில் நடந்த மோசடியைப் பார்த்திருந்தால் உங்களுக்கு அருவருப்பு வந்திருக்கும். பரிசோதனை முடிந்து வெளியே வருகிறவன் வரிசையில் நிற்கிறவனுக்கு எழுத்தைச் சொல்லிக் கொடுக்கிறான். வரிசை பூராவும் வாய்ப்பாடு மாதிரி முணுமுணுக்கிறது. அவர்களிடம் மூன்று அட்டை இருந்தது, ஆளுக்கு ஒன்றாக மாற்றி மாட்டினார்கள், பாதிப் பேர் மாட்டிக்கொண்டார்கள். நான் அப்படிப்பட்ட ஈனக் காரியம் எதுவும் செய்யவில்லை. உண்மையாகவே படிக்கக்கூடிய ஓர் ஆளை அனுப்பினேன்.

முகத்தைச் சுளிக்காதீர்கள், கண்ணை மூடியிருந்தாலும் தெரிகிறது. அது எழுத்துப் பரீட்சை. நான் ஐந்தாவது வரை படித்தவன். என் மாப்பிள்ளை பத்தாவது பாஸ். எழுத்துப் படிக்கிற வேலைக்குப் படித்தவரை அனுப்புவதுதானே முறை?

மாப்பிள்ளை என்றால் என் தங்கை ருக்குமணியின் வீட்டுக்காரர். சென்னியப்பன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறார். சேலையைக் கொண்டுபோய்க் காட்டினால் அதற்கு ஒத்த நிறத்தில் ஜாக்கெட் துணி, ஃபால்ஸ், நூல் எல்லாம் கொடுக்கிற கடை. பதினெட்டு வருடக் கடை. கடையில் வேலை செய்கிற பெண்தான் நிறம் பார்த்து எடுத்துப் போடும், இவர் வெட்டிக் கொடுப்பார். அவர் கண்ணைப் பற்றி ஊரே பேசும். பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடியில் நிற்கிற வண்டியின் போர்டைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே படிப்பார். தெருவில் யார் ஊசியில் நூல் கோக்க வேண்டுமானாலும் அவரிடம்தான் வருவார்கள். உயரம் என் உயரம். மீசை என் மீசை மாதிரி. கம்பெனி அடையாள அட்டையின் ஜெராக்ஸ்தான் கேட்டார்கள், அதில் மை அப்பி நானே நானாகத் தெரியவில்லை.

நான் எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரத்தில் மாப்பிள்ளை ஜெயித்த ஆள் மாதிரி வந்தார்.

“கடைசி வரி வரைக்கும் படிச்சேனுங்க மச்சான். அதுக்குங் கீழ அட்டை அச்சடிச்ச பிரஸ் பேரு பொடி எழுத்துல இருந்துச்சு. அதையும் படிச்சேன். அந்தப் பொண்ணு போதுமுங்க போதுமுங்கன்னுருச்சு.”

எனக்கு மனசு குளிர்ந்தது. அவர் உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டே மிச்சத்தைச் சொன்னார்.

“அப்புறம் ஒரு புஸ்தகம் காமிச்சாங்க. பக்கம் பூரா கலர் கலரா புள்ளி, கொப்புளம் மாதிரி. இதுல என்ன நம்பர் தெரியுதுன்னாங்க. மொதப் பக்கத்துல பன்னண்டு இருந்துச்சு, சொன்னேன். மத்த பக்கத்துல ஒண்ணுமே இல்லீங்க மச்சான். இல்லாததை இருக்குதுன்னு சொல்லுவமா? அம்மிணி, இதுல நம்பர் போட மறந்துட்டாங்கன்னு நேராச் சொல்லிப்புட்டேன். ஏமாத்திப் பாக்கறாங்க. நான் மசியலை.”

நல்ல காரியம் செய்தீர்கள் மாப்பிள்ளை என்று நான் இன்னொரு வடை சொன்னேன். வேறென்ன சொல்லியிருக்க முடியும்? இரண்டு பேரும் அந்த மறந்துபோன நம்பரை நினைத்து நினைத்துச் சிரித்தோம்.

ஐந்தாம் நாள் முதலாளி கூப்பிட்டார். கையில் ஒரு தாள். அவரே படித்தார். தூரப் பார்வை மிக நன்று. நிறப் பார்வையில் குறைபாடு. சிவப்பு, பச்சை பிரித்தறிய இயலவில்லை. பயணிகள் வாகனம் ஓட்டத் தகுதியில்லை.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. முதலாளிக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் முகத்தில் கோபம் போய் ஒரு இரக்கம் வந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“நாச்சிமுத்து, அன்னிக்கு நான் பச்சைச் சட்டை போட்டிருந்தேன். சோளக்காடும் பச்சை. பாவம், உனக்கு எப்படித் தெரியும்?”

நான் என்ன சொல்வேன்? என் கண்ணுக்குப் பச்சை நன்றாகத் தெரியும் என்று சொன்னால், அப்போது இந்தத் தாளில் இருப்பது யார் கண் என்று கேட்பார். ஆள் மாற்றி அனுப்பினேன் என்றால் வேலையே போகும். வாயைத் திறந்தால் வேலை போகும், மூடினால் சீட் போகும். தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்து வாயை மூடிக்கொண்டேன். ஷெட்டில் டயருக்குக் காற்றுப் பார்க்கிற வேலை கொடுத்தார்கள். இருபத்தாறு வருட டிரைவர், காற்றுப் பார்க்கிறேன்.

அதுகூடப் போகட்டும். தங்கவேலு இருக்கிறானே, அவனுக்கு என் மேல் பாசம் அதிகம். பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருத்தரிடமும், நாச்சிமுத்து அண்ணனுக்குக் கலர் தெரியாதாமுங்க, பாவம் என்று சொல்லிவிட்டான். பழனி வரை பரவிவிட்டது. டீக்கடைக்குப் போனால் பழக்கடைக்காரர் ஒரு கையில் செவ்வாழை, ஒரு கையில் பச்சை வாழை பிடித்துக்கொண்டு வருகிறார். இது என்னங்க, அது என்னங்க? சரியாகச் சொன்னேன். உடனே பக்கத்தில் இருந்தவர், வாசனையை வைத்துச் சொல்கிறார் என்றார். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் வளையலைக் காட்டினார். அதையும் சரியாகச் சொன்னேன். பாவம், மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார் என்றார். ஒரு மாதம், ஏனுங்க, ஒரு மாதம் முழுக்க நான் பார்த்த பொருளுக்கெல்லாம் நிறம் சொன்னேன். ஒன்று தப்பவில்லை. ஒருத்தரும் நம்பவில்லை.

நான்கு ரோட்டில் சிக்னலை மீறிப் போனேன் என்று பழைய கதையை எடுத்தார்கள். சிவப்பு அவருக்குப் பச்சையாகத் தெரிந்திருக்கும் என்று எனக்காகப் பரிந்து பேசினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. சிவப்பைப் பச்சை என்று நினைத்து நான் போகவில்லை. அங்கே சிக்னல் இருப்பதே எனக்குத் தெரியாது. இதை யாரிடம் போய் விளக்குவது?

இதற்கு நடுவில் ருக்குமணி வீட்டுக்கு வந்தாள். வந்தவள் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

“ஏனுங்கண்ணா, அன்னிக்கு மண்டபத்துக்குப் போனது அவருதானுங்க?”

நான் தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினேன். அவளுக்கு அதுவே போதும்.

“என்ற கல்யாணக் கூறைச்சீலை செவப்பு. இருவத்திரண்டு வருசமா அவரு, அந்தப் பச்சைச் சீலையக் கட்டு, அந்தப் பச்சைச் சீலையக் கட்டுன்னுதான் சொல்லுவாரு. வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு நானும் சிரிச்சுட்டே இருந்துட்டேன்.”

எழுந்து நேராகக் கடைக்குப் போய்விட்டாள். வியாபார நேரம், நான்கைந்து பேர் நிற்கிறார்கள். மேசை மேல் ஜாக்கெட் துணிகளை விரித்து, இதில் சிவப்பு எடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். மாப்பிள்ளை யோசிக்கவே இல்லையாம். பாசிப்பச்சையை எடுத்து நீட்டியிருக்கிறார். கடைப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் நூல் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டதாம். அந்தப் பெண்ணுக்கு ஐந்தாறு வருடமாகவே தெரியுமாம். கடைக்காரர் எதைப் பச்சை என்கிறாரோ அதுவே பச்சை என்று இருந்துவிட்டதாம்.

அன்று மத்தியானம் மாப்பிள்ளை என் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“பேப்பர்ல இருக்கறது உங்க பேருங்க மச்சான். பேரு உங்க பேரு, குறையும் உங்க குறை. அதை என்ற தலையில கட்டாதீங்க.”

அதோடு பேச்சு நின்றது. மூன்று மாதம். அவர் கடையைத் தாண்டி நான் நடந்தால் அவர் பில் புக்கைப் பார்ப்பார். அவர் பில் புக்கைப் பார்க்கிறாரா என்று நான் பார்க்க மாட்டேன்.

சரி, இனி நானே இறங்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். முதலாளியிடம் மறுபரிசோதனைக்குக் கேட்டேன். கடிதம் கொடுத்தார். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வருவதற்கு முன்னால் ருக்குமணியிடம் சொல்லிக் கடையிலிருந்து நிறங்கள் ஒட்டிய அட்டையை வாங்கி வந்து ஒரு வாரம் பழகினேன். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, வாடாமல்லி, அரக்கு, எதைக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் தாலுகாவிலேயே என் அளவுக்கு நிறம் தெரிந்த ஆண்பிள்ளை கிடையாது என்று சொல்லலாம்.

உள்ளே டாக்டரம்மா இருந்தார். சட்டையில் பெயர் குத்தியிருக்கிறார், அதையெல்லாம் யார் படிக்கிறார்கள். அதே கொப்புளப் புத்தகத்தை என் மூக்குக்குக் கிட்டத்தில் பிடித்துத் திறந்தார். பன்னிரண்டு. எட்டு. இருபத்தொன்பது. ஐந்து. மூன்று. எழுபத்து நான்கு. அவர் பக்கத்தைத் திருப்பி முடிப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். அவரே, அருமையாகச் சொல்கிறீர்களே என்றார். நான் எழுந்து நின்று சர்டிபிகேட்டுக்குக் கையை நீட்டினேன்.

உட்காருங்கள், அந்தச் சுவரில் இருப்பதைப் படியுங்கள் என்றார்.

எந்தச் சுவரில் என்று கேட்டேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மாதமாக ஊரே கலர் கலர் என்று கேட்டுக் கேட்டு, எழுத்து என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எதற்காக மாப்பிள்ளையை அனுப்பினேன் என்பதே மறந்துவிட்டது, பாருங்கள். சுவரில் சதுரமாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. லைட் நன்றாக எரிகிறதுங்க என்றேன். மேலே பெரிதாக ஒரே ஒரு எழுத்து இருக்கிறதே, அது என்ன என்றார். ஆமாங்க, இருக்கிறதுங்க என்றேன்.

டாக்டரம்மா சத்தம் போடவில்லை. பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“போன தடவை பிரஸ் பேரு வரைக்கும் படிச்சிருக்கீங்க, கலர் ஒண்ணும் தெரியலை. இப்ப கலர் எல்லாம் தெரியுது, எழுத்து ஒண்ணும் தெரியலை. ஒரே மாசத்துல எப்படிங்க இது?”

முருகன் அருள் என்றேன். பழனி ரூட் இல்லையா.

“இந்தக் கலர் குறை பிறவியில வர்றது, போகவே போகாது. உங்களுக்குப் போயிருந்தா உலகத்துலயே முதல் ஆள் நீங்கதான். டெல்லிக்குக் கூட்டிட்டுப் போய் எல்லா டாக்டர்களுக்கும் காட்டணும்.”

எத்தனை நாள் ஆகுங்க, அதற்குள் மனோகரனுக்கு சீட் நிரந்தரமாகிவிடுமே என்று கேட்டேன். நான் நிஜமாகத்தான் கேட்டேன். அவர் பழைய தாளின் அடியில் விரலை வைத்து, இது யார் கையெழுத்து என்றார். என்னுடையதுதான் என்றேன்.

“ஆ. சென்னியப்பன்னு போட்டிருக்குங்க.”

மாப்பிள்ளை தன் கையெழுத்தையே போட்டுவிட்டு வந்திருக்கிறார். பில்லுக்குப் பில் போட்டுப் போட்டு வந்த கை. அந்தத் தாள் ஒரு மாதம் என் சட்டைப் பையில் இருந்தது. முதலாளி பார்த்தார், தங்கவேலு பார்த்தான், நானே எடுத்து எடுத்து விரித்துப் பார்த்தேன். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. இப்போது சொல்லுங்கள், கண் பரிசோதனை யாருக்கு வேண்டும்?

உள்ளதைச் சொல்லிவிட்டேன். வேறு வழி? டாக்டரம்மா என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் முற்றிய புரை, இதை வைத்துக்கொண்டு எப்படி பஸ் ஓட்டினீர்கள் என்று கேட்டார். ரைஸ்மில், வேகத்தடை எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். தினமும் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்டார். எல்லா டிரிப்பும் சேர்த்து முந்நூறு நானூறு பேர் வரும் என்றேன். என் வண்டிக்குக் கூட்டம் அதிகம் என்று பெருமையாகத்தான் சொன்னேன்.

பிறகு மூன்று கட்டளை போட்டார். ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும். செய்து முடித்து, நானே வந்து, என் கண்ணால் படிக்க வேண்டும். மாப்பிள்ளையும் வர வேண்டும், அவர் கண்ணை அவர் பெயரில் எழுத வேண்டும், தினமும் கடைக்கு மொபெட் ஓட்டிப் போகிறவர் தனக்கு என்ன தெரியாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். அதுவரை பஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. முதலாளிக்கு, சிகிச்சை நடக்கிறது, முடிவு பிறகு என்று மட்டும் எழுதினார். நல்லவர்தான். கொஞ்சம் பிடிவாதக்காரர்.

ஆபரேஷன் ஒன்றுமே இல்லை. இருபது நிமிடம். வலது கண் முதலில், ஒரு மாதம் விட்டு இடது கண். கட்டு அவிழ்த்ததும் வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவளுக்கு இத்தனை நரை என்று யாரும் என்னிடம் சொல்லவே இல்லை. இன்று காலை இங்கே வரும்போது பார்த்தேன், அந்த நான்கு ரோட்டில் சிக்னல் மட்டுமல்ல, நடுவில் ஒரு ரவுண்டானாவும் இருக்கிறது. எப்போது கட்டினார்களோ.

மாப்பிள்ளையும் வந்திருக்கிறார். ருக்குமணி தள்ளி அனுப்பியிருக்கிறாள். எதிர் பெஞ்சில் கோடு போட்ட சட்டை. பக்கத்தில் இருக்கிறவர் செய்தித்தாளை இவர் அங்கிருந்தே படித்துக்கொண்டிருக்கிறார். பஸ்ஸில் வரும்போது அவர் முன் சீட், நான் பின் சீட். ஒரு வார்த்தை கிடையாது.

இருங்கள், என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். அவரையும் கூப்பிடுகிறார்கள். என் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். அட, நீங்கள் எங்கே பார்ப்பது. கால் மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

*

வந்துவிட்டேன். இன்னும் கண்ணை மூடியே இருக்கிறீர்களே, கெட்டிக்காரர். பையைக் கொடுங்கள்.

படித்தேன். மேலே இருந்த ஒற்றை எழுத்திலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தேன். ஐந்தாவது படித்தவனுக்கு அது எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், வந்தது. அடியில் பிரஸ் பெயர்கூட இருக்கிறது, மாப்பிள்ளை பொய் சொல்லவில்லை. புத்தகத்தையும் காட்டினார், எல்லா நம்பரும் சொன்னேன். நர்ஸ் பிள்ளை சிரித்தது.

அப்புறம் மாப்பிள்ளை முறை. பன்னிரண்டு என்றார். அடுத்த பக்கத்தில் அதே பழைய பதில், இதில் நம்பர் போட மறந்துவிட்டார்கள். டாக்டரம்மா புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். நான் எட்டு என்றேன். அடுத்த பக்கம், இருபத்தொன்பது என்றேன். காட்டிக் கொடுத்தவனைப் பார்க்கிற மாதிரி மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். டாக்டரம்மா தன்மையாகத்தான் சொன்னார். இது பிறப்பிலேயே வருவது, அம்மா வழியில் வரும், ஆண்பிள்ளைகளில் நிறையப் பேருக்கு உண்டு, தெரியாமலே வாழ்ந்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், உங்கள் தப்பு ஒன்றும் இல்லை என்று. அவர் பெயரில் எழுதி அவரிடமே கொடுத்தார். மாப்பிள்ளை அந்தத் தாளை மடித்தார், மறுபடி மடித்தார், தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. எனக்காக வந்து படித்த மனுசன். ஊரிலேயே நல்ல கண் என்று பேர் வாங்கியவர். என்னால் அந்தப் பேர் போயிற்று.

டாக்டரம்மா என் தாளில் கையெழுத்துப் போட்டார். இதோ பாருங்கள், சரி சரி, பிறகு பாருங்கள். தகுதி உடையவர். நானே படித்தேன்.

எழுந்திருக்கும்போது ஒரு சந்தேகம் கேட்டேன். இன்று காலை பஸ் ஸ்டாண்டில் என் வண்டி நின்றது. நான்கு மாதத்தில் அதற்குப் பெயிண்ட் மாற்றிவிட்டார்கள். ஒன்பது வருடம் நான் ஓட்டிய வண்டி, நல்ல சந்தனக் கலர், அவ்வளவு லட்சணமாக இருக்கும். இப்போது சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை வெளேர் என்று நிற்கிறது. மனோகரன் வேலையாகத்தான் இருக்கும். தங்கவேலுவைக் கேட்டேன், யாருமே கை வைக்கவில்லை என்று சத்தியம் செய்கிறான். சீட்டைத் தள்ளிப் போட்டதைப் பொறுத்தேன், இதைப் பொறுக்க முடியாது. டாக்டரம்மா படித்தவர், முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லலாமே என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “புரை விழுந்த கண் மஞ்சக் கண்ணாடி மாதிரிங்க. வெள்ளையெல்லாம் சந்தனமாத்தான் தெரியும். உங்க பஸ் எப்பவுமே வெள்ளைதான்.”

உங்கள் கலர் புத்தகத்தில் புரை இருந்தபோதே நான் ஒன்று விடாமல் சொன்னேனா இல்லையா என்று கேட்டேன். நிறத்தில் என்னிடம் வர முடியுமா? இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்போது மாப்பிள்ளை தலையை நிமிர்த்தினார். மூன்று மாதம் கழித்து அவர் வாயிலிருந்து எனக்காக வந்த முதல் பேச்சு.

“சந்தனக் கலருதானுங்க டாக்டர். என்ற கடைக்கு எதுக்கதான் தெனமும் நிக்கும். நான் கண்ணால பார்த்திருக்கறனுங்க.”

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். அவர் கையில் மடித்து வைத்திருந்த தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்துவிட்டார். ஜெயித்துவிட்டோம் பாருங்கள்.

வெளியே வரும்போது மாப்பிள்ளை, வாங்க மச்சான், ஒரு டீ குடிக்கலாம் என்றார். அங்கே வாசலில் நிற்கிறார், நான் போக வேண்டும். திங்கட்கிழமை முதல் டிரிப் முடிந்ததும் இரண்டு பேருமாக முதலாளியைப் பார்க்கப் போகிறோம், வண்டிக்குப் பழையபடி சந்தனக் கலரே அடிக்கச் சொல்லி. பெயிண்டை நாமே பார்த்து வாங்கிக் கொடுத்துவிடலாம், இதில் அடுத்தவரை நம்ப முடியாது என்கிறார் மாப்பிள்ளை. கலர் பார்த்து எடுக்கிற பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டிருக்கிறார்.